இரண்டு மணிப் புள்ளி

ஜூன் 13, செவ்வாய்

இன்று என் வார்டில் ஒருவர் இறந்துபோனார். பதினோரு வருட நர்ஸ் வேலையில் இது புதிதல்ல. ஆனாலும் வீட்டுக்கு வந்ததிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. சாளை மீன் ஆய உட்கார்ந்து, பாதியில் அப்படியே பூனைக்குப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பூனைக்கு இன்று நல்ல நாள்.

பதினான்காம் கட்டில், சுடலைமுத்து, ஐம்பத்தாறு வயது. மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர். நேற்றுப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இன்று காலைதான் வார்டுக்கு வந்தார். துணைக்கு மகள் மாரிச்செல்வி மட்டும், காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.பி., பல்ஸ் பார்க்கும்படி சர்ஜன் எழுதியிருந்தார்.

எட்டு மணிக்கு நான் பார்த்தேன். 124/80, பல்ஸ் 84. "சிஸ்டர், மோட்டாரு நல்லா ஓடுதா?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். நல்ல மனிதர். மகளிடம் ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், எவ்வளவு சிறுநீர் போகிறார் என்று குறிப்பதற்கு. "மணியப் போட்டு எழுதணும், என்ன? குத்துமதிப்பா எழுதக் கூடாது. நீ எழுதுறத வச்சுத்தான் நாங்க பாப்போம்" என்றேன். தலையாட்டினாள்.

பத்து மணிக்குப் பார்த்தேன், சரியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கும் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு மணிக்கு மேல் திடீரென்று மோசமானது. ஒன்று முப்பத்தைந்துக்கு டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள்.

மற்றபடி வழக்கமான நாள். இருபத்திரண்டு நோயாளிகள், நர்ஸ் என்று நானும் இசக்கியும் மட்டும். பத்து மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, ஐந்தாம் கட்டிலிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டார். கூடவே நின்றதில் எனக்குக் கால் கடுத்தது. பதினொன்றே முக்காலுக்கு ஒரு அட்மிஷன். ஊசி ஏற்ற நரம்பே கிடைக்காத பாட்டி. பன்னிரண்டரை வரை அதிலேயே போனது.

அந்தப் பெண் அழவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையாவது கேட்டுவிடுவாளோ என்று வேறு வேலை இருப்பதுபோல் ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டேன்.

ஜூன் 14, புதன்

ரூபியின் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். ஆறாம் வகுப்புக்குப் பதினெட்டு நோட்டு. "அம்மா, உன் கையெழுத்துதான் நல்லாயிருக்கும், நீயே பேர் எழுது" என்றாள். நான்கு நோட்டுக்கு எழுதியதும் போதும் என்று வைத்துவிட்டேன்.

பதினான்காம் கட்டிலில் புது நோயாளி வந்துவிட்டார்.

ஜூன் 15, வியாழன்

இன்சார்ஜ் அன்னபாக்கியம் சிஸ்டர் காலையிலேயே ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். கையில் சுடலைமுத்துவின் சார்ட்.

சார்ட் என்பது கட்டம் போட்ட தாள். மேலே மணி, பக்கவாட்டில் எண்கள். பல்ஸுக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். பி.பி.யைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஜெபா, இது என்னட்டி?" என்று விரலை வைத்தார். இரண்டு மணிக் கட்டத்தில் ஒரு புள்ளி. 120/80. பல்ஸ் 82. பக்கத்தில் என் கையெழுத்து.

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணு முப்பத்தஞ்சுக்குச் செத்த மனுஷனுக்கு ரெண்டு மணிக்கு எண்பத்திரண்டு பல்ஸா? கோலம் போட்டியோ?"

கோலம் என்பது எங்கள் வார்டுப் பேச்சு. காலையில் எட்டு மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டு, அதே சூட்டில் பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எல்லாப் புள்ளிகளையும் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்து, கோடும் இழுத்துவிடுவது. புள்ளி வைத்துக் கோடு இழுப்பதால் கோலம். யார் முதலில் அப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது. டியூட்டி மாறும்போது கட்டம் காலியாக இருந்தால் இதே அன்னபாக்கியம் சிஸ்டர் வார்டே அதிரத் திட்டுவார். நிரம்பி இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். காலிக் கட்டத்துக்குத்தான் எங்கள் வார்டில் பயம்.

ஆனால் எல்லா நாளும் நான் அப்படிச் செய்வதில்லை. அன்றும் இரண்டு மணிப் புள்ளியை மட்டும்தான் முன்கூட்டி வைத்தேன். பத்தும் பன்னிரண்டும் பார்த்து எழுதியது.

ஜூன் 16, வெள்ளி

புதுத் தாளில் மாற்றி எழுதியாயிற்று. எழுதியது இசக்கி. இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், முத்து முத்தான கையெழுத்து. எட்டும் பத்தும் நான் பார்த்ததாக இருக்கட்டும் என்றார் இன்சார்ஜ். எனக்கு அந்த நேரத்தில் அட்மிஷன் இருந்ததால் பன்னிரண்டு மணிக்கு இசக்கி பார்த்ததாக இருக்கட்டும் என்றார். "ரொம்ப நல்லா இருந்தாலும் சந்தேகம் வரும். 110/70, பல்ஸ் தொண்ணூத்திரண்டுன்னு போடு" என்றார். இசக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் போடு என்று தலையசைத்தேன். போட்டாள். இரண்டு மணிக் கட்டம் காலி.

பழைய தாளை என்னிடம் கொடுத்து, "கிழிச்சுக் கக்கூஸ்ல போட்டுத் தண்ணிய ஊத்து" என்றார்.

கிழித்துப் போட்டேன்.

ஜூன் 19, திங்கள்

மாரிச்செல்வி சித்தப்பாவோடு வந்து ஆஸ்பத்திரி ரெக்கார்டு எல்லாம் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தேன். நல்லவேளை.

ஜூன் 22, வியாழன்

இசக்கி சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"எக்கா, பன்னெண்டு மணிக்கு என் கையெழுத்துல்லா இருக்கு. ஒண்ணும் ஆகாதுல்லா?"

"ஒண்ணும் ஆகாதுட்டி. சாப்பிடு."

"இல்ல எக்கா, சும்மாதான் கேட்டேன்."

அவள் கொண்டுவந்த கத்தரிக்காய் கூட்டில் பாதியை நான்தான் சாப்பிட்டேன். பசித்தது.

ஜூலை 4, செவ்வாய்

நர்சிங் கவுன்சிலிலிருந்து கடிதம். எனக்கு ஒன்று, இசக்கிக்கு ஒன்று.

தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது பேனாவை இரண்டு முறை கீழே போட்டேன். நோயாளியைக் கவனிக்கத் தவறியது, பதிவேட்டில் பொய்யாக எழுதியது என்று சுடலைமுத்துவின் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். நர்ஸ் பதிவிலிருந்து பெயரை ஏன் நீக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். பிறகு நேரில் விசாரணை.

பதிவு போனால் நான் நர்ஸ் இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஒரு ஊசி போட உரிமை கிடையாது. முப்பத்தைந்து வயதில் நான் வேறு என்ன தெரிந்தவள்?

என் வீட்டுக்காரர் ஆசீர் பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு வந்து கடிதத்தை வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். "நீ ஒண்ணும் தப்பா எழுதலல்லா?" என்றார். "இல்ல" என்றேன். "பொறவு என்ன பயம்?" என்று ரூபியைக் கூப்பிட்டுக்கொண்டு பரோட்டா வாங்கப் போனார். பயப்படாத மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்.

ஜூலை 5, புதன்

வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று பார்க்கிறேன். இன்று நின்றது கேஸ் சிலிண்டர் வண்டி.

ஜூலை 9, ஞாயிறு

கோயிலில் பாவ அறிக்கை ஜெபம் சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க நான் என்ன பெரிய ஆளா?

வீட்டு முன்னறையில் என் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அப்பா சட்டம் போட்டு, ஆணி அடித்து மாட்டியது. எங்கள் குடும்பத்தில் முதல் சான்றிதழ். என் போன் நம்பர் மறந்தாலும் அந்தப் பதிவு எண் மறக்காது. இன்று அதைத் துடைக்கவில்லை. ஒரு மாதமாகவே துடைக்கவில்லை. கிட்டே போகப் பிடிக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த வக்கீல் வந்தார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மெல்லிய குரல், நல்ல மரியாதை.

"நீங்க பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"அட்மிஷன்ல சார்."

"அவ்வளவுதான். அத மட்டும் சொல்லுங்க. பன்னெண்டு மணிக்குப் பல்ஸ் ஏறிருக்கு, பி.பி. இறங்கிருக்கு. பாத்து எழுதினது இன்னொரு சிஸ்டர். டாக்டர்ட்ட சொல்லாம விட்டதும் அவங்க. நீங்க அத இழுத்து உங்க தலையில போட்டுக்க வேண்டாம்."

"அவளுக்கு என்ன ஆகும் சார்?"

"சின்ன வயசு. வேற ஏதாவது படிச்சுக்கலாம்."

வெளியே வந்தபோது இசக்கி நடைபாதையில் நின்று, "என்ன எக்கா கேட்டாவ?" என்றாள். "சும்மா பேரு, ஊரு" என்றேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ நோயாளிகளிடம் "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்று சொல்லியிருக்கிறேன். அதே குரல்தான் வந்தது.

ஜூலை 20, வியாழன்

மாரிச்செல்வியின் நோட்டு. புகாரோடு அதன் நகலையும் வைத்திருக்கிறாள். வக்கீல் என்னை வாசிக்கச் சொன்னார். மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது, எழுதினாலாவது போகுமா பார்க்கிறேன்.

8.40 தண்ணீர் 2 ஸ்பூன்.
9.30 சிறுநீர் 150.
10.50 தாகம் தாகம் என்கிறார். 2 ஸ்பூன்.
11.20 வேர்க்கிறது. துண்டால் துடைத்தேன்.
11.35 சிஸ்டர் மேஜைக்குப் போனேன். யாரும் இல்லை.
12.05 வயிறு கல் மாதிரி இருக்கிறது என்கிறார். சின்ன சிஸ்டரிடம் சொன்னேன். பெரிய சிஸ்டரிடம் கேட்டு வருவதாகப் போனார்.
12.15 சின்ன சிஸ்டர் வந்து ஃபேனைக் கூட்டி வைத்தார். எல்லாம் நார்மல் என்றார்.
12.50 கை சில்லென்று இருக்கிறது.
1.05 கத்தினேன்.
1.35

ஒன்று முப்பத்தைந்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. மணி மட்டும்.

நான் சொன்னபடியே ஒவ்வொன்றுக்கும் மணியைப் போட்டிருக்கிறாள். ஓரிடத்திலும் குத்துமதிப்பு இல்லை. பெரிய சிஸ்டர் நான், சின்ன சிஸ்டர் இசக்கி. "பெரிய சிஸ்டர்ங்கறது ஒரே எடத்துலதான் வருது. சின்ன சிஸ்டர் ரெண்டு எடத்துல வருது. நமக்கு நல்லதுதான்" என்றார் வக்கீல்.

ஜூலை 21, வெள்ளி

சோறு இறங்கவில்லை.

ஜூலை 22, சனி

இன்றும்.

ஜூலை 24, திங்கள்

ரூபி பள்ளிக்கூடம் போய்விட்டாள். இவர் வேனில். எனக்கு லீவு. வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

ஜூன் 13 அன்று நான் பத்து மணிக்குப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கும் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு ஒருமுறை பார்த்தேன். எட்டரைக்கு மேஜையில் உட்கார்ந்து இருபத்திரண்டு பேருக்கும் மொத்தமாகப் புள்ளி வைத்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. டீ வந்தது, குடித்தேன்.

இது கூடப் பரவாயில்லை. இதைச் சொல்லப் பயமாக இருந்தாலும் சொல்லிவிடலாம். நான் பயப்படுவது வேறு.

பன்னிரண்டு பத்துக்கு இசக்கி ஓடி வந்தாள். நான் அந்தப் பாட்டியின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். "எக்கா, பதினாலுல அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டுதாம், வயிறு கல்லு மாதிரி இருக்காம்" என்றாள். "சார்ட்ட எடுத்துட்டு வா" என்றேன். கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பன்னிரண்டு மணிக்கு 118/76. பல்ஸ் 80. அழகான நேர்கோடு.

"நார்மலாத்தான இருக்கு. ஃபேனக் கூட்டி வை. வாய்வா இருக்கும்."

"இன்னொரு தடவ பி.பி. பாக்கட்டுமா எக்கா?"

"பத்து நிமிஷம் முந்தித்தான பாத்திருக்கு. எதுக்குட்டி திரும்பத் திரும்ப?"

அந்தப் பன்னிரண்டு மணிப் புள்ளியை வைத்தது என் கை. எட்டரை மணிக்கு, டீ வருவதற்கு முன்னால். அதைப் பார்த்து நானே நிம்மதி அடைந்தேன். பொய் சொன்னேன் என்றுகூட இல்லை. அந்த நொடியில், சத்தியமாக, யாரோ பன்னிரண்டு மணிக்குப் போய்க் கையைப் பிடித்துப் பார்த்து எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றியது. சார்ட்டில் இருக்கிறதே! எழுதியிருப்பதை நம்புவதுதானே பதினோரு வருடப் பழக்கம்.

அப்போது எழுந்து இருபது அடி நடந்திருந்தால் போதும். கையைத் தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

ஜூலை 29, சனி

இசக்கி வீட்டுக்கு வந்தாள். ரூபிக்குக் கடலை மிட்டாய் வாங்கிவந்தாள். முகம் சின்னதாகிப்போயிருக்கிறது. அவள் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாதாம். கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாளாம். பெரிய புத்திசாலி! மாதக் கடைசியில் பானை காலியாகுமே என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"எக்கா, நான் அன்னைக்கு இன்னொரு தடவ பாக்கட்டுமான்னு கேட்டம்லா, நெனப்பிருக்கா?"

நான் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"அத நான் சொல்ல மாட்டேன் எக்கா. எனக்கு ஊசி போடவே நீங்கதான சொல்லித் தந்திய. உங்களப் போயி நான் சொல்லுவனா?"

அவள் கேட்க வந்தாளா, சொல்ல வந்தாளா, எனக்குத் தெரியவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் இன்று நிம்மதியாகத் துணி துவைத்திருப்பேன். ஊசி மட்டுமா சொல்லித் தந்தேன்? கோலம் போடவும் நான்தான் சொல்லித் தந்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

விசாரணை எட்டாம் தேதி, சென்னையில். அசல் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். "நான் எடுத்துத் தாரேன்" என்று இவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். "வேண்டாம், நான் எடுக்கேன்" என்று நான் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவருவதற்குள் சட்டத்தைக் கழற்றிப் பின்னட்டையைத் திறந்துவிட்டார்.

சான்றிதழோடு இன்னொரு தாளும் கீழே விழுந்தது. நாலாக மடித்தது.

அந்தப் பழைய சார்ட்டை நான் கிழிக்கவில்லை. ஜூன் 16 அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் மட்டும் கேட்கும்படி நின்றுவிட்டு வந்தேன். ஏன் கிழிக்கவில்லை என்று இன்று வரை தெரியாது. கிழிக்கப் பயமாக இருந்தது. வைத்திருக்கவும் பயமாக இருந்தது. வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கே வைத்தேன்.

"என்னட்டி இது?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் இரண்டு மணிப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார்.

"எரிச்சுரு" என்றார். "நான் பாக்கல."

எழுந்து போய் வேனைக் கழுவ ஆரம்பித்தார். காலையில்தான் கழுவியிருந்தார். முக்கால் மணி நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். எரித்தால் இசக்கி போவாள், நான் இருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு குச்சியை உரசவும் செய்தேன். விரல் சுட்டதும் போட்டுவிட்டேன்.

இவர் ஈரக் காலோடு உள்ளே வந்தார். தீப்பெட்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். ரூபியின் புத்தகப் பையில் தேடி ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"மெட்ராஸ்ல மழையாம். நனைஞ்சிரப் போவுது" என்றார்.

ஆகஸ்ட் 9, புதன்

நேற்று நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி, மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் ஆறு முறை பாத்ரூம் போனேன். வெளியே பெஞ்சில் ஒரு மூலையில் நான், பக்கத்தில் இசக்கி. எதிர் பெஞ்சில் மாரிச்செல்வியும் அவள் சித்தப்பாவும். அந்தப் பெண் மெலிந்திருந்தாள். மடியில் அதே நோட்டு. நான் தலையைத் தூக்கவே இல்லை.

உள்ளே மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். எங்கள் இருவரையும் புகார் கொடுத்தவர்களையும் ஒன்றாகவே உட்கார வைத்தார்கள். வக்கீல் என் பின்னால் இருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு இந்த நோயாளிய யார் பாத்தது?"

இசக்கி எழுந்தாள். "நான்..." என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நேரத்திலும், சும்மா இரு, சும்மா இரு என்றுதான் உள்ளுக்குள் கேட்டது. நான் தைரியசாலி இல்லை. எழுந்தபோது கை தட்டித் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்துவிட்டது.

"யாரும் பாக்கல மேடம்" என்றேன்.

வக்கீல் என் சேலைத் தலைப்பை இழுத்தார். பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். அந்த அம்மா தாளை விரித்தார். விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது.

"பத்து மணி?"

"பாக்கல."

"பன்னெண்டு?"

"பாக்கல மேடம். இசக்கி பாக்கவான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். பிற்பாடு புதுத் தாள்ல அவள எழுத வச்சதும் நானும் இன்சார்ஜும்தான்."

விரல் இரண்டு மணியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "இது?" என்றார்.

"காலைல எட்டரைக்கே வச்ச புள்ளி மேடம்."

இசக்கி முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் நிறையக் கேட்டார்கள். இன்சார்ஜ் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வக்கீல் விடைபெறாமலே போய்விட்டார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் மாரிச்செல்வி. ஓட இடமில்லை. ஜூன் 13 அன்று போல் ஸ்டோர் ரூம் எதுவும் அங்கே இல்லை.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"பன்னெண்டு மணிக்குப் பாத்திருந்தா எங்கப்பா இருந்திருப்பாங்களா?"

இரண்டு மாதமாக நான் பயந்தது கவுன்சிலுக்கு இல்லை. இந்தக் கேள்விக்குத்தான். "சொல்ல முடியாதும்மா" என்று சொல்லியிருக்கலாம். "கடவுள் சித்தம்" என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம்.

"இருந்திருப்பாரும்மா" என்றேன். "பன்னெண்டுக்குப் பாத்திருந்தா ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போயிருப்போம். பெரும்பாலும் பொழச்சிருப்பாரு."

அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எனக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள். ஒன்று முப்பத்தைந்து என்று மணி மட்டும் இருந்த அதே பக்கம். கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். நாலு பத்து என்று மணியைப் போட்டாள். பிறகு நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

செப்டம்பர் 14, வியாழன்

கடிதம் வந்தது. என் பெயரைப் பதிவிலிருந்து மூன்று வருடத்துக்கு நீக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்களாம். இசக்கிக்கு எச்சரிக்கை மட்டும். போனில் அழுதாள், என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. அன்னபாக்கியம் சிஸ்டருக்கு விசாரணை இன்னும் முடியவில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை.

சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. இவர் அதில் வேன் சாவியை மாட்டுகிறார்.

ரூபிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

காலை 8: 102.
10: 101.4. மாத்திரை கொடுத்தேன்.
12: 100.2. கஞ்சி குடித்தாள்.

இப்போது மணி ஒன்று நாற்பது. தூங்குகிறாள். நெற்றியில் கை வைத்தால் குறைந்த மாதிரிதான் தெரிகிறது. 99 இருக்கும் என்று தோன்றுகிறது. தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மணிக் கட்டம் காலியாக இருக்கிறது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.